மூன்று வரிக்காரி எர்சிலியா

போன மாதம் தலைநகரத்தில் பாடகர்கள் அகராதி என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். தூக்கினால் கை வலிக்கும், விலையைக் கேட்டால் வயிறு வலிக்கும். எங்கள் ரொசாரியோ நூலகத்துக்கு அது வந்த அன்றே போய் உட்கார்ந்து, கான்டோனி என்ற பெயரைத் தேடினேன். இல்லை. இரண்டு வருடம் பாடிவிட்டு மாட்டுப்பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள் இருக்கிறாள். பாடுவதாக நினைத்துக்கொண்டு கத்திய ஒரு தடியன் அரைப்பக்கம் இருக்கிறான், புகைப்படத்தோடு. எர்சிலியா கான்டோனி இல்லை. நூலகத்துப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

திரும்பும் வழியில் எர்சிலியாவின் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

“உன் பேரைப் போடலடி.”

“எதுல?”

“அகராதியில.”

“போட்டிருந்தா மட்டும் மாவு தானா பிசைஞ்சுக்குமா? அந்த முட்டைக் கூடைய இப்படித் தள்ளு.”

அவளுக்கு எழுபத்துமூன்று வயது. இன்னும் ஞாயிறு காலையில், உள்ளே பூரணம் வைத்து வேகவைக்கும் ரவியோலிக்கு மாவு பிசைகிறாள். அவளுக்குக் கோபம் வராது. எனக்கு வரும். அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் எடெல்மிரா ஓசாதே. ரிபேரா தியேட்டரில் 1937இல் தொடங்கி இருபத்தாறு வருடம் எடுத்துக்கொடுக்கும் வேலை பார்த்தேன். மேடையின் முன்விளிம்பில் சின்னதாக ஒரு மரக்கூண்டு இருக்கும். அதற்குள் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்து, ஓபரா பாடுகிறவர்களுக்கு அடுத்த வரியை ஒரு நொடி முன்னால் கிசுகிசுப்பாக எடுத்துக் கொடுக்க வேண்டும். சபைக்கு என்னைத் தெரியாது. சபை என் முதுகுப்பக்கம் என்பதால் எனக்கும் சபையைத் தெரியாது. பாடகர்களை நான் கீழேயிருந்து பார்த்தவள். செருப்பு, முழங்கால், தாடை, மூக்குத் துவாரம், இவ்வளவுதான். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்குப் பட்டும் வைரமும் தெரியும். எனக்குப் பயம் தெரியும். பயந்தவர்களின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கிக்கொள்ளும்.

எர்சிலியாவின் கால்கள் மடங்கி நான் பார்த்ததே இல்லை. அகலமான, தட்டையான, ரவியோலிக் கடையில் நின்று பழகிய கால்கள்.

அவள் 1931இல் கோரஸில் சேர்ந்தாள். அப்போது பத்தொன்பது வயது. சேர்ந்த மூன்றாம் வாரம், திரைக்குப் பின்னாலிருந்து இடையனாகப் பாட வேண்டிய பிள்ளைக்கு அம்மை கண்டுவிட்டது. யாராவது பாடுங்கள் என்றார்கள், இவள் பாடினாள். பாடி முடித்ததும் சபையில் ஒரு அம்மாள், “அந்தப் பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்க” என்று காசு கொடுத்தனுப்பினாராம். அன்றோடு அவள் தலைவிதி முடிவாகிவிட்டது. யார் வரவில்லையோ அவர் வேஷம் இவளுக்கு. பணிப்பெண், செவிலி, கன்னியாஸ்திரீ, சூனியக்காரி, அரண்மனைச் சேவகன், கூரையிலிருந்து பாடும் தேவதை, குறி சொல்லும் கிழவி. கீழ் ஸ்தாயியில் கிழவியாக உறுமிவிட்டு, பின்பக்கப் படியில் ஓடி ஏறி, மூச்சு வாங்காமல் மேல் ஸ்தாயியில் தேவதையாக வருவாள். ஒருமுறை கள்ளக்கடத்தல்காரனாகப் பாட வேண்டியவன் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். எர்சிலியா மீசையை ஒட்டிக்கொண்டு வந்து பாடினாள். பாதியில் மீசை கழன்று நாயகனின் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. அவன் அதோடு காதல் பாட்டு பாடி முடித்தான். நான் கூண்டுக்குள் புத்தகத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நான் எண்ணியிருக்கிறேன், மொத்தம் எண்பத்தேழு வேஷம். ஒன்றுகூடக் கதாநாயகி இல்லை. பெரும்பாலும் மூன்று வரி, நான்கு வரி. “அம்மா, வண்டி தயார்.” “ஐயோ, மயங்கிவிட்டார்!” இப்படி. நான் ஒருமுறை எங்கள் இசை நடத்துனரிடம் சண்டைக்கே போனேன்.

“மாஸ்ட்ரோ, அவளுக்கு ஒரு பெரிய வேஷம் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

“எடெல்மிரா, நல்லா யோசிச்சுப் பாரு. அவளை நாயகியாப் போட்டுட்டா, மீதி ஏழு வேஷத்துக்கு நான் எங்க போவேன்? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணவா?”

நாசமாய்ப் போங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

இசைத்தட்டுகள் கதையும் இதுதான். எங்கள் தியேட்டரில் பதிவான எல்லாத் தட்டிலும் அவள் இருக்கிறாள். மடாலயக் காட்சியில் கதவுக்கு வெளியே அழும் குரல் அவளுடையது. சந்தைக் காட்சியில் எலுமிச்சம்பழம் விற்பவளும் அவளே, அவளோடு சண்டை போடும் வெங்காயக்காரியும் அவளே. உறையின் பின்பக்கம் பெரிய பெயர்களெல்லாம் முடிந்தபின் ‘மற்றும் பலர்’ என்று இருக்கும். அந்தப் பலர் எர்சிலியாதான். ஒரே ஒரு தடவை பெயர் போட்டார்கள். இடையனாகப் பாடியதால் ஆண் என்று நினைத்து, எர்னெஸ்டோ கான்டோனி என்று போட்டார்கள்.

இனி அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்செல்மோ கான்டோனி. மரியாதைக்குத் தோன் அன்செல்மோ என்போம். இத்தாலியிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர். வாரத்தில் ஆறு நாள் ரவியோலிக் கடை, காட்சி உள்ள நாளெல்லாம் தியேட்டரின் மேலடுக்கு. நாற்காலி கிடையாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மலிவான இடம் அது. ஆனால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சொர்க்கம். அங்கே நிற்பவர்கள் நாவிதர், துறைமுகத்துக் கூலி, தையற்காரர் இப்படித்தான். அத்தனை பேருக்கும் ஓபரா மனப்பாடம். பாடகர் ஒரு சுரம் தவறினால் போதும், சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அதன் குழாய் ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். அறுபது சாவி ஒன்றாக விசிலடித்தால் பெரிய பெரிய பாடகர்களுக்கே கால் நடுங்கும். நான் அந்தக் கால்களைப் பார்த்தவள்.

சொர்க்கத்துக்குத் தலைவர் மாதிரி தோன் அன்செல்மோ. ஊரிலேயே பெரிய காது அவருடையது என்று பெயர். அங்கே யார் எதற்குக் கைதட்டலாம் என்பதற்கெல்லாம் அவர் எழுதி ஒட்டிய விதிகள் உண்டு. அதில் ஒன்று, பாட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கத்துக்குக் குறைவாகப் பாடுகிறவர்களுக்குக் கைதட்டக் கூடாது. விதியை மீறினால் அன்றைய காட்சி முடியும்வரை வெளியே படிக்கட்டில் நிற்க வேண்டும்.

“சோத்த எடுத்து வெக்கிறவளுக்கும் கைதட்டிட்டா, பாடினவளுக்கு என்னத்தத் தட்டுறது? தலையிலயா?” என்பார்.

சோற்றை எடுத்து வைக்கிறவள் அவருடைய ஒரே மகள். இருபத்தேழு வருடம் அவள் மேடையேறினாள். ஒரு நாளும் அவர் அவளுக்குக் கைதட்டியதில்லை. கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் குடையோடு பின்வாசலில் நிற்பார். அவளுக்குத் தொண்டை கட்டினால் கடையை மூடிவிட்டுத் தேனுக்கு அலைவார். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் மகளாவது மண்ணாவது.

அவருக்கு ஒரு ஏக்கம் இருந்தது. ‘படகுத்துறைச் சீமாட்டி’ என்று ஒரு ஓபரா. நாடு கடத்தப்பட்ட புருஷனுக்காகச் சீமாட்டி ஜன்னலோரம் வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் தூரத்தில் படகு விளக்கைப் பார்த்துவிடுகிறாள். ‘வருகிறான்’ என்று மேல் ஸ்தாயியின் உச்சியில் பிடித்து, அதே மூச்சில், எங்கும் தாவாமல், கீழ் ஸ்தாயியின் அடிவரைக்கும் இறங்கி, அங்கே கிசுகிசுப்பாக முடிக்க வேண்டும். சொர்க்கத்துக்காரர்கள் அதை இறக்கம் என்பார்கள். யாராலும் முடியாது. மேலே குரல் உள்ளவர்களுக்குக் கீழே இருக்காது, கீழே உள்ளவர்களுக்கு மேலே இருக்காது. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், அல்லது அடியை விழுங்கிவிடுவார்கள். தோன் அன்செல்மோ கப்பலேறுவதற்கு முந்தைய மாதம் தன் ஊரில் ஒருத்தி அதை முழுசாகப் பாடக் கேட்டாராம். அதற்கப்புறம் ஐம்பது வருடமாக ஒவ்வொரு சீமாட்டிக்கும் சாவியை எடுத்தார்.

1957இல் அந்த ஓபராவைத் தட்டில் பதிய, தலைநகரத்திலிருந்து தென்முனை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் எங்கள் தியேட்டருக்கு வந்தார்கள். சீமாட்டி, ஓர்தென்சியா வில்லார். நாடே கொண்டாடிய பாடகி. எர்சிலியா வழக்கம்போல் பணிப்பெண். எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம். நாற்காலிகளையெல்லாம் கழற்றி, சுவரில் குதிரைக் கம்பளி தொங்கவிட்டார்கள். அடுப்பு படபடக்கிறது என்று அதையும் அணைத்துவிட்டார்கள். டிராம் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தினார்கள். ஓர்தென்சியா வரி மறந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் என்பதால், பதிவுக்கும் என்னைக் கூண்டில் உட்கார்த்தியிருந்தார்கள்.

ஐந்து நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. ஆறாம் நாள் இறக்கம். ஓர்தென்சியா முப்பது தடவைக்கு மேல் பாடினார். உச்சி, வெள்ளி மாதிரி இருந்தது. அடிக்கு வந்தால் வெறும் காற்று. பதிவுக்காரர் இரண்டு நாடாவைக் கத்தரித்து ஒட்டிப் பார்த்தார். மாஸ்ட்ரோ கேட்டுவிட்டு, “தையல் தெரியுது” என்றார். ஓர்தென்சியா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எர்சிலியா ஓரமாக நின்று, தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்ட்ரோவின் கண் அவள்மேல் போயிற்று.

“எர்சிலியா, நீ ஒரு தடவை பாடிக் காட்டு.”

“நானா? யார் குரல்ல?”

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. யார் குரலில் வேண்டும் என்று மாவு எத்தனை கிலோ என்பது மாதிரி கேட்டாள்.

“அம்மா குரல்லதான்” என்று ஓர்தென்சியாவைக் காட்டினார் மாஸ்ட்ரோ.

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒலிவாங்கி முன்னால் போய் நின்று பாடினாள். ஓர்தென்சியாவின் குரலேதான், அதே வெள்ளி. அது ஒரே மூச்சில் இறங்கி இறங்கி, கிணற்றில் வாளி போய்த் தண்ணீரைத் தொடுகிற மாதிரி அடியைத் தொட்டது. முடிந்தது. ஓர்தென்சியாதான் முதலில் எழுந்தார்.

“இதையே வெச்சுக்குங்க” என்றார். குரல் உடைந்திருந்தது.

கம்பெனிக்காரர் உடனே கதவைச் சாத்திவிட்டு, மாஸ்ட்ரோ, பதிவுக்காரர், ஓர்தென்சியா, எர்சிலியா, வாத்தியக்காரர்கள் அத்தனை பேரிடமும் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். என்னிடம் வாங்கவில்லை. கூண்டுக்குள் இருப்பவளை யார் ஆளாகக் கணக்கு வைக்கிறார்கள்?

தட்டு அடுத்த கோடையில், 1958 ஜனவரியில் வந்தது. தோன் அன்செல்மோ முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தார். ஒரு வாரத்தில் அந்த மூன்றாம் அங்கத்துப் பக்கம் தேய்ந்தே போயிருக்கும். ரவியோலி வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கேட்கச் செய்தார்.

“ஐம்பது வருஷம்யா! ஐம்பது வருஷம் கழிச்சுக் கேக்குறேன். செத்துப்போறதுக்குள்ள கேட்டுட்டேன்.”

எர்சிலியா முதுகைக் காட்டிக்கொண்டு மாவு தேய்த்துக்கொண்டிருப்பாள்.

செப்டம்பரில் ஓர்தென்சியா அதே ஓபராவோடு எங்கள் தியேட்டருக்கே வந்தார். இங்கேதான் எல்லாம் கெட்டது. மற்ற ஊரில் பாடகர் ஒரு சுரத்தை விட்டுவிட்டால் முணுமுணுப்பார்கள். எங்கள் சொர்க்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் தட்டைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக் காட்சி. மூன்றாம் அங்கம். ஓர்தென்சியா உச்சியைப் பிடித்தார், பாதி இறங்கினார், மூச்சு வாங்கினார்.

சாவிகள் கிளம்பின. அப்படியொரு விசிலை நான் கேட்டதில்லை. வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே தோன் அன்செல்மோவின் குரல்.

“தட்டுல பாடினீங்கல்ல? இங்க என்னாச்சு? ரொசாரியோன்னா அவ்வளவு இளக்காரமா?”

“பாடு! பாடு! திரும்பப் பாடு!”

ஓர்தென்சியாவின் வெள்ளிச் செருப்பு என் மூக்குக்கு நேராக இருந்தது. இரண்டு கட்டைவிரலும் உள்ளே மடங்கியிருந்தன. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்காக அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னால், பணிப்பெண் வேஷத்தில், போர்வை மடித்துக்கொண்டிருந்தாள் எர்சிலியா. போர்வையோடு நடந்து வந்து ஓர்தென்சியாவின் தோளில் போர்த்துவதுபோல் குனிந்தாள்.

“அம்மா, இன்னொரு தடவை. நீங்க வாயை மட்டும் தொறங்க.”

எனக்குக் கேட்டது. மாஸ்ட்ரோவுக்கும் கேட்டிருக்க வேண்டும், கோலைத் தூக்கிவிட்டார். எர்சிலியா சபைக்கு முதுகைக் காட்டி, சாயம் பூசிய சுவரைப் பார்த்து நின்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் முடிச்சுதான். அது மெல்ல இறுகியது, அறுந்துவிடும்போல் இறுகியது, பிறகு கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவ்வளவு நேரமும் ஓர்தென்சியா வாயைத் திறந்தபடி ஜன்னலைப் பார்த்து நின்றார், கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

தியேட்டர் இடிந்து விழாத குறை. தோன் அன்செல்மோ கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார் என்று பக்கத்தில் நின்ற நாவிதர் செலெஸ்டினோ பிறகு சொன்னார்.

காட்சி முடிந்ததும் ஓர்தென்சியா எர்சிலியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நானே சொல்லிடுறேன் எர்சிலியா. என் சத்தியத்த நானே உடைக்கிறேன். என்னால தாங்க முடியல.”

“வேண்டாம்மா. காட்சி நின்னுடக் கூடாதுன்னு பாடினேன். நீங்க போய் மூஞ்சியக் கழுவுங்க.”

அன்று இரவுச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில். காலையில் விற்றுப்போக மிச்சமிருந்த ரவியோலி. தோன் அன்செல்மோவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

“மூணு அடி தள்ளி நின்னியே, கேட்டியா?”

“கேட்டேன்ப்பா.”

“அதுக்குப் பேருதான் பாட்டு. நீயும் இருக்கியே, இருபத்தேழு வருஷமா. காதையாவது தொறந்து வெச்சிருந்தியா?”

“வெச்சிருந்தேன்ப்பா. இன்னும் ரெண்டு வெக்கவா?”

எனக்கு ரவியோலி தொண்டையில் நின்றுவிட்டது. இருமிக்கொண்டே சமையல்கட்டுக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

“சொல்லித் தொலையேன்டி! அந்தம்மாவே சொல்லிடுறேன்னுட்டாங்க, அப்புறம் என்ன சத்தியம்?”

“சத்தியத்துக்காக இல்ல எடெல்மிரா. ஊர்லயே பெரிய காதுன்னு பேரெடுத்த மனுஷன். பெத்த பொண்ணு குரல் தெரியாம அழுதாருன்னு தெரிஞ்சா, மறுபடி அந்தப் படிய ஏறுவாரா? அது இல்லாம அவருக்கு வேற என்ன இருக்கு?”

“அப்ப உனக்கு என்ன இருக்கு?”

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள்.

“பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை எனக்குன்னு அவர் தட்டியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவை மேடைக்கு வர்றப்பவும் மேல பாத்துட்டுத்தான் வர்றேன். சரி விடு, துணியை எடு.”

நான் விடவில்லை. என் குணம் அப்படி. செவ்வாய்க்கிழமை எர்சிலியா ஒத்திகைக்குப் போனபிறகு கடைக்குப் போனேன். தோன் அன்செல்மோ மாத்தே இலைத் தேநீர் போட்டு எனக்கு ஒரு குடுவை கொடுத்தார், தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“தோன் அன்செல்மோ, அந்த இறக்கம் ஓர்தென்சியா பாடினதில்ல. தட்டுலயும் இல்ல, ஞாயித்துக்கிழமையும் இல்ல. ரெண்டும் உங்க பொண்ணு.”

சிரித்தார். “காலங்காத்தால குடிச்சிருக்கியா?”

“முதுகக் காட்டிட்டு நின்னாளே, எதுக்கு? எந்தப் பணிப்பெண் சீமாட்டி பாடுறப்போ சுவத்தப் பாத்துட்டு நிப்பா?”

சிரிப்பு மெல்ல நின்றது. எழுந்து போய்த் தட்டைப் போட்டார். கேட்டார். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். நாலு தடவை கேட்டார். மாத்தேக் குடுவை கையிலேயே ஆறிப்போயிற்று.

“இது அந்தம்மா குரல் எடெல்மிரா.”

“அந்தம்மா குரல்லதான் பாடினா. யார் குரல்ல வேணுமோ அந்தக் குரல்ல பாடுவா. எண்பத்தேழு பேர் குரல் இருக்கு அவகிட்ட.”

“அப்ப அவ குரல் எது?”

“அத நீங்க என்னிக்காவது கேட்டீங்களா?”

சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. எழுபத்திரண்டு வயது மனுஷர். மாவு படிந்த மேசையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். வாடிக்கையாள் ஒருத்தி வந்து கதவைத் தட்டினாள், அவர் திரும்பவில்லை. கடைசியில், “என்கிட்ட சொன்னதா அவகிட்ட சொல்லாத” என்றார். அந்த வாரம் முழுக்க அவர் தட்டைப் போடவில்லை என்று எர்சிலியா சொன்னாள். ஊசி தேய்ந்திருக்கும் என்று புதிது வாங்கிக் கொடுத்தாளாம்.

அடுத்த ஞாயிறு, அந்த வருட ஓபராப் பருவத்தின் கடைசிக் காட்சி. ஒரு வேடிக்கை ஓபரா. எர்சிலியா மீன்காரி. கூடையோடு உள்ளே வந்து இரண்டு வரி பாடிவிட்டு, விலை படியாமல் வெளியே போக வேண்டும். உள்ளூர் வானொலி அன்றைக்கு நேரலையாக ஒலிபரப்பி, தட்டிலும் பதிந்துகொண்டிருந்தது. அவள் வந்தாள். “மீனு வந்திருக்கு, மீனு!” என்று முதல் வரியைப் பாடினாள்.

என் முதுகுக்குப் பின்னால், உயரத்தில், ஒரே ஒரு ஆள் கைதட்டினார். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. நாற்பது வருடம் மாவு பிசைந்த கையின் சத்தம், தடிப்பாக, நிதானமாக வந்தது.

“பிராவா, கான்டோனி!”

நாயகிகளுக்கு மட்டும் சொர்க்கம் கத்தும் பாராட்டு அது; சபை திகைத்துப்போயிற்று. பிறகு செலெஸ்டினோ கத்தினார்.

“அன்செல்மோ! கிறுக்குப் பிடிச்சிருச்சா? மீன்காரிக்கா தட்டுற? விதி மறந்துபோச்சா?”

“விதிய எழுதினவனே நான்தாண்டா!”

சாவிகள் கிளம்பின. அறுபதும் அவரைப் பார்த்து. இத்தனை வருடம் எத்தனையோ பேரை அவர் அழவைத்த அதே விசில். படிக்கட்டுக்குப் போ, படிக்கட்டுக்குப் போ என்று கூச்சல். அவர் நிறுத்தவில்லை. “பிராவா, கான்டோனி! பிராவா!” இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். வாசல்வரை தட்டிக்கொண்டே போனாராம்.

எர்சிலியா மேடை நடுவில் நின்றாள். கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து எனக்கு அவள் தாடையும், அது நடுங்குவதும் தெரிந்தது. வாத்தியக்காரர்கள் அவளுடைய இரண்டாம் வரிக்கு வந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. மாஸ்ட்ரோ திரும்ப வாசிக்கச் சொன்னார். அப்போதும் திறக்கவில்லை. இருபத்தொரு வருடத்தில் நான் அவளுக்கு ஒரு சொல்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அவள்தான் மற்றவர்கள் மறந்த வரியை எனக்கு முன்னால் எடுத்துக் கொடுப்பாள்.

“ஆத்து மீனு, அம்மா, துள்ளுது பாரு” என்றேன். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை கிட்டத்தட்டக் கத்தினேன்.

வானொலிக்காரர்கள் அந்தத் தட்டின் பிரதி ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் எல்லாம் கேட்கும். ஒரு ஆள் கைதட்டுவது, அறுபது சாவி ஊதுவது, என் கிசுகிசுப்பு மூன்று தடவை. அதற்கப்புறம் அவள் பாடுகிறாள். அழுதுகொண்டு பாடுகிறாள், சுருதி விலகியிருக்கிறது, அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.